தண்ணி வந்துருச்சுங்க

மலையடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. தெரு முடிகிற இடத்தில் ஓடை, அதன் மேல் ஒரு தரைப்பாலம். மழைக்காலத்தில் எங்களுக்கு வானத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை. இங்கே சுள்ளென்று வெயில் அடிக்கும், மலைமேலே கொட்டித் தீர்க்கும், கொஞ்ச நேரத்தில் ஓடை பாலத்துக்கு மேலே போகும். அதனால் மலைமேலே இருக்கிற சோளக்காடு என்ற ஊரில் மழை வலுத்தால், அங்கிருக்கிற வியாபாரி ஒருவர் எங்கள் தெரு மிளகுக்கடை பாய்க்கு போன் போடுவார். பாய் வாசலில் நின்று, "ஓடை வருதுங்கோ!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். மாடு கன்று, வண்டி வாகனம் எல்லாவற்றையும் மேட்டுக்கு ஏற்றிவிடுவோம். வருஷா வருஷம் இப்படித்தான் எங்கள் பிழைப்பு. அதிகாரிகள் வந்து பாலத்தை அளந்துவிட்டுப் போவதும் வருஷா வருஷம்தான்.

போன ஐப்பசியில் ஒரு நாள் பாய் ஊரில் இல்லை, சரக்குப் போடப் போயிருந்தார். போனை எடுத்தது அவர் மனைவி. பாய் வீட்டு அக்கா என்றுதான் தெருவே கூப்பிடும். மேலே மழை என்று கேட்டதும் பதறிப்போய் வாசலுக்கு ஓடிவந்து கத்தினார்.

"தண்ணி வந்துருச்சுங்க! எல்லாரும் வாங்க, தண்ணி வந்துருச்சு!"

எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவும் நாலைந்து நாளாகக் குழாய் காய்ந்து கிடந்த சமயம். மலையிலிருந்து இவ்வளவு தண்ணீர் இறங்குகிற ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை, இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல? ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். குழாய் இருப்பது ஓடைக்கு அக்கரையில், பாலம் முடிகிற பள்ளத்தில்.

முதல் ஆளாகப் போனது என் மருமகள். ஏழு மாசக் கர்ப்பிணி. வேண்டாம் என்றால் கேட்கிறவளா? "நான் போயி எடம் புடிக்கறேன், நீங்க பொறுமையா வாங்கத்தை" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

குடங்களைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு விஷயம் உறைத்தது. "நெறையத் தண்ணி வருதுங்க, போகாதீங்க!" என்று அலறினார். பின்பாதி எங்கள் கூச்சலில் யார் காதில் விழுந்தது? நிறைய வருகிறது என்றதும் இன்னும் வேகமாக நடந்தோம்.

அக்கா கத்துவதை விட்டுவிட்டார். எங்களையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஓடினார். குழாயடியில் என் மருமகள் வைத்திருந்த குடத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓடிவந்தார்.

குழாயடியில் அடுத்தவள் குடத்தில் கை வைப்பது சின்னக் காரியமா? எங்கள் தெருவில் அதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு. மருமகளுக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்கக்கா! மொதல்ல வெச்சது நானுங்க! என்ற குடத்தைக் குடுங்க!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தாள். நாங்கள் வேடிக்கை பார்க்க இக்கரையிலேயே நின்றுவிட்டோம். எனக்கும் நாலு வார்த்தை கேட்க வாய் துறுதுறுத்தது. அக்கா எங்களையும் தாண்டி மேட்டில் ஏறித்தான் நின்றார். மருமகள் போய்க் குடத்தின் வாயைப் பிடித்து இழுத்தாள்.

அப்போதுதான் லாரி இறங்கி வருகிற மாதிரி ஒரு இரைச்சல். அடித்துப் பிடித்து எல்லோரும் மேட்டுக்கு ஏறினோம். செம்மண் தண்ணீர், மரமும் மட்டையுமாகப் பாலத்தின் மேல் ஏறிப் போனது. அக்கரையில் குழாயைக் காணோம். மருமகள் நின்ற இடத்தையும் காணோம்.

அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். "என்ற வாயில அந்த வார்த்தையா வரோணும்? இந்தா கண்ணு, உன்ற குடம்."

மருமகள் குடத்தை வாங்கவில்லை. மெதுவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"ஒதைக்குது பாருங்கக்கா."

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போய் அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன்.