வயித்துவலின்னு எழுதிக்கங்க

வீட்டுக்குள் நுழைந்ததும் ஞானபாக்கியம் முதலில் தண்ணீர் கேட்பாள். தாகம் இருந்தாலும் கேட்பாள், இல்லாவிட்டாலும் கேட்பாள். சாவு விழுந்த வீட்டில் மூன்று நான்கு மாதம் ஆனாலும் வெளியாட்கள் வாய் நனைக்கத் தயங்குவார்கள். அது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். செம்பை அண்ணாந்து முக்கால்வாசி குடித்துவிட்டு, மிச்சத்தை வாசலில் நிற்கிற முருங்கைக்கோ செம்பருத்திக்கோ ஊற்றுவாள். நாற்காலி போட்டால் அதில் பையை வைத்துவிட்டுத் தான் தரையில் உட்காருவாள். அதற்குள் அவர்களுக்குப் பாதிப் பயம் போயிருக்கும்.

பைக்குள் இருப்பது பத்துப் பக்கப் படிவம். செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிற ஆராய்ச்சி அது. அரசாங்கப் பணத்தில் நடக்கிறது. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் செத்துப்போகிற சனம் அதிகம். எந்த நோய் கொல்லுகிறது என்று தெரிந்தால்தான் இருக்கிறவர்களைக் காப்பாற்றலாம் என்று பயிற்சியில் சொன்னார்கள். ஞானபாக்கியம் அதை நம்பித்தான் சேர்ந்தாள். அதற்கு முன் போடியில் ஒரு ஜவுளிக்கடையில் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பத்தாவது தேறியவள். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். 2001-இல் சேர்ந்தவளுக்கு இது ஏழாவது வருடம்.

கம்பத்திலிருந்து ஜெயமங்கலம் வரைக்கும் அவளுக்குப் பெயர் 'சாவு டீச்சர்'. தெருமுனையில் அவளுடைய குடை தெரிந்தாலே கேலி ஆரம்பித்துவிடும். "எங்க வீட்டுக்கு வர நாள் கெடக்கு டீச்சர். எங்க பெருசு இன்னும் ரெண்டு சட்டி கஞ்சி குடிக்கிறாக" என்பாள் ஒருத்தி. ஞானபாக்கியம் சிரிப்பாள். தேனி பஸ் ஸ்டாண்டில் மற்றவர்கள் சினிமா போஸ்டர் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் இவள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பார்ப்பாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வயதைப் பார்ப்பாள்.

படிவத்தின் கடைசியில் முக்கால் பக்கம் வெறுமையாக விட்டிருக்கும். மேலே, 'நடந்ததை வீட்டார் சொன்னபடியே எழுதவும்' என்று அச்சிட்டிருக்கும். அந்த முக்கால் பக்கத்தை வைத்துத்தான் சென்னையில் இரண்டு டாக்டர்கள் இன்ன நோய் என்று முடிவு கட்டுவார்கள். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் சில வீடுகளில் குரல் தாழ்ந்துபோகும். பெரும்பாலும் செத்தவள் இருபதிலிருந்து முப்பதுக்குள் இருப்பாள்.

"வயித்துவலின்னு எழுதிக்கங்க டீச்சர்."

மூன்றாவது வீட்டிலேயே ஞானபாக்கியத்துக்குப் புரிந்துவிட்டது. காய்ச்சலில் போனவர்களின் வீட்டில் காய்ச்சல் என்பார்கள், அவ்வளவுதான். காய்ச்சல்னு எழுதிக்கங்க என்று யாரும் சொல்வதில்லை. இந்த ஒரு வலிக்குத்தான் எழுதிக்கங்க என்று ஒரு வார்த்தையும் சேர்ந்து வரும். தன்னைத்தானே முடித்துக்கொண்டவர்களுக்கு இந்த வட்டாரத்தில் இதுதான் பெயர். போலீஸிடமும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்களிடமும் இதையேதான் சொல்வார்கள்.

உண்மை வெளியே வருகிற சந்து அந்தப் படிவத்தில் ஒன்றே ஒன்றுதான். முப்பத்தொன்றாவது கேள்வி: 'இறப்பதற்கு முன் மருந்து ஏதும் எடுத்துக்கொண்டாரா?' மேகமலையில் ஏலத்தோட்டத்துக் கூலியாட்களின் லயன் வீட்டில் சுருளி என்கிற பெரியவரிடம் இதைக் கேட்டாள். மகளைப் பறிகொடுத்தவர்.

"எடுத்துக்கிட்டா தாயி."

"என்ன மருந்துங்கய்யா?"

"ஏலத்துக்கு அடிக்கிறது."

கதவோரம் நின்றிருந்த அவருடைய மனைவி ஓடிவந்து ஞானபாக்கியத்தின் பேனா பிடித்த கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குப் புத்தி கலங்கிப்போச்சு டீச்சர். அத எழுதாதீக. இன்னொருத்தி இருக்கா, அவளக் கட்டிக்குடுக்கணும்." பிடித்த கை வெகுநேரம் விடவில்லை. ஞானபாக்கியம் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். மருந்தின் பெயர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று அழகாக எழுதினாள்.

அந்தப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால், 'இது வயிற்றுவலி இல்லை என்று நினைக்கிறேன்' என்று சின்னதாக எழுதி அனுப்பினாள். சிவப்பு வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் சூரியபிரகாஷ் நல்ல மனிதர்தான். "அக்கா, நெனைக்கிறத எழுதாதீக, சொன்னத எழுதுங்க. நாம டாக்டரும் இல்ல, போலீஸும் இல்ல" என்றார். அவருடைய மேஜையிலேயே ரப்பர் வாங்கி அழித்தாள். தாள் கிழியாமல் அழித்ததற்கு அவர் பாராட்டினார்.

சொன்னபடி எழுதியவை எல்லாம் மேலே போய்ச் சேர்ந்தன. ஒன்றரை வருடம் கழித்து முடிவு கீழே வந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் இளம்பெண்கள் வயிற்று நோயால் அதிகம் இறக்கிறார்கள், மருந்து எடுத்துக்கொண்டும் பலருக்குப் பலனில்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கென்று புதிதாக ஓர் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கினார்கள். கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போனார்கள். சின்னமனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டு, வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரு நோட்டீஸ்: 'நேரத்துக்குச் சாப்பிடுங்கள். காரத்தைக் குறையுங்கள்.' அதைக் கொடுக்கிற வேலையும் ஞானபாக்கியத்துக்கே வந்தது.

குழாயடியில் ஒருத்தி அதை உரக்கப் படித்தாள். "கேட்டீகளா, நம்ம புள்ளைக எல்லாம் மொளகாயத் தின்னு செத்தாகளாம்."

"அப்ப நம்ம ஆம்பளைக வாயத்தான மொதல்ல மூடணும். அங்கனதான காரம் கூட" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நோட்டீஸைக் குடத்துக்கடியில் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஞானபாக்கியமும் சிரித்துவிட்டு, அடுத்த தெருவில் மிச்ச நோட்டீஸைக் கொடுத்தாள். கொடுக்காமல் இருந்திருக்கலாம். கணக்குக் கேட்க ஆள் கிடையாது. ஆனாலும் ஒன்று விடாமல் கொடுத்தாள்.

போன ஐப்பசியில் பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனாள். மூத்த மருமகள் செத்து நான்கு மாதம். இளைய மருமகள் பூமாரி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மாமியார்தான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அதே வாக்கியம். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். "நான் பெத்தது ஒண்ணு கல்யாணத்துக்கு நிக்கிது டீச்சர். வேற என்னத்தச் சொல்ல நானு. அவளும் எனக்கு மக மாதிரிதான் இருந்தா." அழுகையில்லாமல் கைநாட்டு வைத்தாள். பிறகு, "இருங்க, பால் வாங்கியாறேன், காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ஞானபாக்கியம் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பூமாரி நின்றாள். இருபத்துமூன்று வயதுகூட இருக்காது.

"டீச்சர், எனக்கும் வயித்துவலி."

பேனா நின்றது. "எத்தன நாளா ஆத்தா?"

"அக்கா போறதுக்கு முந்தியே இருந்துச்சு. இப்பக் கூடிப்போச்சு. முகாமுக்குக் கூட்டிட்டுப் போனாக. கொழாய விட்டுப் பாத்துட்டு வயிறு சுத்தமா இருக்குன்னுட்டாக. ரோஸ் கலர்ல ஒரு தண்ணி குடுத்து, காரம் திங்காதன்னாக." அவள் உதட்டோரம் கொஞ்சம் கோணியது. "நான் காரமே திங்க மாட்டேன் டீச்சர்."

அவள் பார்வை ஞானபாக்கியத்தின் மடியில் இருந்த படிவத்துக்குப் போனது.

"ஒங்க காயிதத்துல உசுரோட இருக்கவுகளுக்கு எடமிருக்கா?"

முதல் பக்கத்தில் முதல் வரியே இறந்த தேதிதான். அதை நிரப்பாமல் இரண்டாவது வரிக்குப் போகக் கூடாது. ஏழு வருடமாக அப்படியே போய்ப் பழகிய கை அது. இன்னும் சில மாதத்தில் இதே வாசலுக்குத் தான் வரப்போவதும், இதே தரையில் உட்கார்ந்து இருபத்துமூன்று என்று எழுதப்போவதும், பாண்டியம்மாள் சொல்லப்போகிற அந்த ஒற்றை வாக்கியமும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தன. யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்தாள். சூரியபிரகாஷிடமா? முகாமிலா? ஸ்டேஷனிலா? நினைத்துப் பார்த்த ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் உட்கார்ந்து வயித்துவலி என்றே எழுதிக்கொண்டிருந்தார்.

படிவத்தை மடித்துப் பைக்குள் போட்டாள்.

"எங்கன வலிக்குது?"

அப்படி ஒரு கேள்வி பத்துப் பக்கத்தில் எங்கும் இல்லை. படிவத்தில் இறந்தவருக்கு வலித்ததா என்றுதான் இருக்கும். கேட்டு முடித்த பிறகு தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

பூமாரி வயிற்றைக் காட்டவில்லை. வாயைத் திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டு தெருவாசலைப் பார்த்தாள். வெளியே பாண்டியம்மாள் யாரிடமோ, "பாலாய்யா இது, ஆத்துத் தண்ணி" என்று சடைத்துக்கொண்டே நெருங்கி வருவது கேட்டது.

அடுத்தவர் வீட்டில் ஒரு முக்காலியைக்கூடக் கேட்காமல் நகர்த்தாதவள் ஞானபாக்கியம். எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. கதவிலேயே முதுகைக் கொடுத்துக் கீழே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, பூமாரியைப் பார்த்து, "நீ சொல்லு" என்றாள்.

"டீச்சர்? என்ன டீச்சர், கதவு சாத்திக் கெடக்கு?"

கதவு ஒரு தரம் அதிர்ந்தது. ஞானபாக்கியம் குதிகாலைத் தரையில் ஊன்றி, முதுகை இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டாள்.