தறிகள் நின்ற நாளில் சுசித்ரா அண்ணி

எங்கள் வீட்டில் சுசித்ரா அண்ணியைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "அது ஆகாசத்தப் பாத்துகினே வீணாப்போச்சு" என்பாள் என் அம்மா ஞானம்மாள். என் அப்பா வரதராஜன் வெற்றிலை மடிக்க உட்கார்ந்துவிடுவார். இரண்டையும் நம்ப வேண்டாம். நான் இந்த வீட்டுப் பெண், பிரியங்கா. கல்யாணமாகி அரக்கோணம் போய்விட்டாலும் நல்ல நாள் தவறாமல் திருத்தணிக்கு வந்துவிடுவேன். நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தான்.

எங்கள் வீடு பொதட்டூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது. முன்பக்கம் விசைத்தறிக் கொட்டகை, பின்பக்கம் நாங்கள். நடுவில் ஒரு சின்ன அறை, நூல் மூட்டை போடுவதற்காகக் கட்டியது. அதில் மூட்டையைவிடப் பழைய செருப்பும் உடைந்த நாற்காலியும்தான் அதிகம். பள்ளிப்பட்டிலிருந்து என் அண்ணன் முரளிதரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சுசித்ரா, அதைக் கூட்டிப் பெருக்கி ஒரு கம்ப்யூட்டரை வைத்தாள். அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்த அறை மேல் பாசம் பொங்கிவிட்டது.

அண்ணி இயற்பியல் படித்தவள். அவளுக்கு ஒரே பித்து, வானத்தைப் படம் எடுப்பது. எடுத்தவுடன் பார்த்துவிடுகிற படம் இல்லை அது. வானத்தில் ஒரே இடத்தைப் பல இரவுகள் நூற்றுக்கணக்கான முறை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பிறகு நட்சத்திரங்களைத் தனியே பிரித்தெடுத்துவிட்டு, அவற்றுக்குப் பின்னால் மறைந்திருக்கும் மங்கலான புகையைத் துலக்கி, கடைசியில் நட்சத்திரங்களைத் திரும்ப வைக்க வேண்டும். இப்படி அவள் எடுத்தது தெற்கு வானத்தில் என்றோ வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சத்தை. தை, மாசியில் அண்ணனின் வண்டியில் கேமராவையும் அதை நிறுத்தும் முக்காலியையும் கட்டிக்கொண்டு போய், பள்ளிப்பட்டுப் பக்கம் அவள் அப்பாவின் நிலத்தில் நின்று எடுத்தாள். அந்த இடத்தில் நட்சத்திரங்கள் ரவையைக் கொட்டியது போல நெருக்கம். அவற்றைப் பிரிக்காமல் பின்னால் இருப்பது கண்ணுக்கே தெரியாது. அந்தப் பிரிக்கும் வேலையைத்தான் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் காலைக் காப்பிக்கு ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை செய்துகொண்டிருக்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து மறுபடி.

ஆடியில் நான் வந்திருந்த ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பா ஆரம்பித்தார்.

"விஜயதசமிக்குப் புதுத் தறி ஒண்ணு எறக்கறேன். அந்த ரூமுலதான் போடணும்."

"படம் இன்னும் முடியல மாமா" என்றாள் அண்ணி.

"எப்பதான் முடியும்? வெளையாட்டு சாமானுக்கு ஒரு ரூமா? சரி, தசமிக்குள்ள ஒரே ஒரு படம் முடிச்சிக் காட்டு. காட்டிட்டா அந்த ரூமப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்."

நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அண்ணி, "ஆங், சரி மாமா" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

மறுவாரமே சீட்டுப் பணத்தை எடுத்து, சென்னையிலிருந்து ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தாள். கம்ப்யூட்டரின் மூளை ஒவ்வொன்றாகச் செய்யும் கணக்கை இந்தக் கார்டு ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் செய்துவிடுமாம். ஆனால் மாட்டியவுடன் எதுவும் நடக்கவில்லை. கார்டு பாட்டுக்குச் சும்மா இருக்க, பழையபடி மூளையே மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. நட்சத்திரங்களைப் பிரிக்கும் மென்பொருளோடு வரும் ஒரு கோப்புக்குக் கார்டு என்ற ஒன்று இருப்பதே தெரியாதாம். அதை எடுத்துவிட்டு, கார்டைத் தெரிந்த வேறொரு கோப்பை அதே இடத்தில் வைக்க வேண்டும். கார்டு செய்த கம்பெனியின் துணை மென்பொருளையும் ஏற்ற வேண்டும். அண்ணி இருப்பதிலேயே புதியதைத் தேடி ஏற்றினாள். அந்தக் கோப்பு கேட்டதோ இரண்டு தலைமுறை பழசு. அதைக் கண்டுபிடித்து, புதியதைப் பிடுங்கி, பழையதை ஏற்றி, அது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு வழியும் எழுதிக் கொடுத்தாள். ஒரு மத்தியானம் கார்டின் விசிறி உய்யென்று சுற்ற ஆரம்பித்தது. எனக்கு போன் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றது. கம்ப்யூட்டரே அணைந்துவிட்டது.

அதன்பிறகு எப்போது ஓட்டினாலும் அதே கதை. விசிறி சுற்றும், கம்ப்யூட்டர் அணையும். இணையத்தில் இருந்த வானப்படக் குழுவில் கேட்டாள். கோப்பு சரியில்லை, கார்டு சரியில்லை என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அண்ணியும் எல்லாவற்றையும் அழித்து அழித்து ஏற்றினாள். புரட்டாசி பிறந்துவிட்டது. அப்பா தறிக்கு முன்பணமே கொடுத்துவிட்டார்.

கடைசியில் குழுவில் யாரோ, "உங்கள் வீட்டில் விளக்கு மங்குகிறதா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். தறி ஓடும் வீட்டில் விளக்கு மங்காமல் என்ன செய்யும்? பிறந்த வீட்டிலும் தறி, புகுந்த வீட்டிலும் தறி. மங்கி எரிவதுதான் விளக்கு என்றே வளர்ந்தவள். அது ஒரு குறை என்று அவளுக்கு மட்டுமல்ல, எங்கள் தெருவில் யாருக்குமே தோன்றியதில்லை. வோல்டேஜ் அளக்கும் அண்ணனின் மீட்டரை பிளக்கில் செருகிப் பார்த்தாள். தெருவில் அத்தனை தறியும் ஓட, வோல்டேஜ் அதலபாதாளத்தில் கிடந்தது. கார்டு சும்மா இருந்தவரை கம்ப்யூட்டர் அதைத் தாங்கிக்கொண்டது. கார்டு முழு மூச்சாக இழுத்தவுடன் அணைந்துவிட்டது. குறை கார்டிலும் இல்லை, கோப்பிலும் இல்லை.

ஆனால் எங்கள் தெருவில் தறி எப்போது நிற்கும்? அமாவாசை விடுமுறையெல்லாம் விசைத்தறி வந்ததும் போய்விட்டது. இரவும் பகலும் ஷிப்டு. மொத்தத் தெருவும் வாயை மூடுவது வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜை அன்று. தறியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்துவிட்டால் மறுநாள் காலைப் பூஜைவரை யாரும் தொடக் கூடாது. தறி மட்டுமில்லை, பொட்டு வைத்த எதையுமே தொடக் கூடாது.

ஆயுத பூஜை விழுந்த அந்த வெள்ளிக்கிழமை நான் வந்திருந்தேன். கொட்டகையில் பூஜை முடிந்து அம்மா குங்குமத் தட்டோடு உள்ளே வந்தாள். கிரைண்டருக்கு வைத்தாள், தையல் மிஷினுக்கு வைத்தாள், அண்ணனின் வண்டிக்கு வைத்தாள். என்ன நினைத்தாளோ, நேராக அண்ணியின் அறைக்கும் போய்விட்டாள். அண்ணி வாசலில் கையை நீட்டி மறித்தாள்.

"இதுக்கு வைக்காதீங்க அத்த."

"இன்னாடி பேசற? நாளும் கெழமையுமா..."

"வருஷம் பூரா வெளையாட்டு சாமான்னு சொன்னீங்க இல்ல? வெளையாட்டு சாமானுக்குப் பொட்டு எதுக்கு? பொட்டு வச்சா நான் தொட முடியாது. எனக்கு இன்னைக்கு இது ஓடணும்."

"சாமி குத்தம் ஆயிடும்டி!"

"ஆவட்டும். மேல மலையில கீறாரு இல்ல, அவருகிட்ட நானே பேசிக்கறேன்."

அம்மா தட்டோடு அப்படியே நின்றாள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அண்ணி பட்டுப் புடவையோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். விசிறி உய்யென்றது. அணையவில்லை. முன்பு ஒரு பகல் முழுக்க விழுங்கிய வேலையை, அம்மா சுண்டல் தாளித்து இறக்குவதற்குள் முடித்துவிட்டது அந்தக் கார்டு.

சாயங்காலம் படத்தைக் காட்டினாள். கறுப்பில் சிவப்பும் நீலமுமாக இழை இழையாகப் பிரிந்து கிடந்தது அந்த நட்சத்திரம். அண்ணி அழுதுவிட்டாள். அண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு அவள் தோளில் கை வைத்தான்.

அப்பாவும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறையும் பார்த்தார். "நல்லாதான் கீது" என்றார். அண்ணியின் முகம் மலர்ந்தது. "படம்தான் முடிஞ்சிடுச்சே, இனிமே ரூம் எதுக்கு? காலைல தறி வருது. சாமானெல்லாம் எடுத்துடு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நைனா, நீ வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்ன" என்று நான் கத்தினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. பெற்ற அப்பா என்றும் பார்க்காமல் அன்று அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அண்ணி படத்தை மூடிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் விஜயதசமி, சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகு காலம். அதற்குள் புதுத் தறி இறங்கிப் பூஜை ஆக வேண்டும் என்று அப்பா நேரம் குறித்து வாங்கி வைத்திருந்தார். குறித்த நேரம் தவறிவிட்டால் அவர் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார். எட்டு மணிக்குத் தறியோடு டெம்போ வந்து நின்றது. ஆட்கள் உள்ளே வந்து பார்த்தால், அறை நடுவில் நாற்காலியைப் போட்டு அண்ணி உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குள் காலைப் பூஜை முடிந்திருந்தாலும், புதுத் தறி இறங்கும்வரை கொட்டகையில் எதையும் ஓட்ட வேண்டாம் என்று அப்பாவே சொல்லியிருந்தார். தெருவிலும் யாரும் இன்னும் பூஜை முடித்துத் தறியைத் தட்டவில்லை. கிடைத்த வோல்டேஜை விடுவானேன் என்று அண்ணி அடுத்த படத்தை ஓட விட்டிருந்தாள்.

"எழுந்திரும்மா, நேரமாவுது" என்றார் அப்பா.

"மாட்டேன் மாமா."

"முரளி! உன் பொண்டாட்டிய எழுப்புடா!"

அண்ணன் அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "ஆளுங்களுக்கு டீ வாங்கினு வரேன் நைனா" என்று தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். எதிரிலேயே டீக்கடை இருக்க, அவன் வண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் போனது. அம்மா கெஞ்சினாள், திட்டினாள். அப்பா வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். மருமகள் மேல் கை வைத்துத் தூக்கவா முடியும்? டெம்போக்காரர் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மணி ஒன்பது அடித்தது. ஏற்றி வந்த தறியைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லும்போது அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. வண்டி போனபிறகு அறை வாசலில் வந்து நின்றார்.

"இப்பிடியே எத்தினி நாளைக்கு ஒக்காந்துகினு இருப்ப?"

அண்ணி திரையிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அடுத்த முகூர்த்தம் என்னைக்குன்னு சொல்லுங்க மாமா. அன்னைக்கும் இங்கதான் ஒக்காந்துகினு இருப்பேன்."