கம்பி பிரஷ்ஷால் தேய்த்த நடுகல்

பாகலூரில் எங்கள் வயலோரம் ஒரு பழைய நடுகல் நிற்கிறது. கம்பெனி ஃபிட்டர் முனிராஜ் ஞாயிறுதோறும் வந்து, தாள் ஒட்டி மை ஒற்றி, அதன் எழுத்துகளைப் படியெடுப்பான். “பொழப்பத்தவனே!” என்று முகத்துக்கு நேராகவே சொல்வேன்.

தொல்லியல் அதிகாரியம்மா வந்த அன்று, அழுக்குக் கல்லையா காட்டுவது என்று கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டேன். பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது.

“வீரன் பேரே போச்சே, பெரியம்மா!” முனிராஜ் தலையில் கைவைத்தான்.

“செத்தவன் பேரு உனக்கெதுக்குடா?” என்றேன்.

அதிகாரியம்மா அவன் எடுத்த தாளை விரித்து, மண்ணிலேயே அவனருகில் உட்கார்ந்தார். “நல்லவேளை சார், நீங்க எடுத்து வச்சீங்க. வாங்க, சேர்ந்து படிக்கலாம்.” இருவரும் எழுத்தெழுத்தாக அந்தப் பெயரை மீட்டார்கள்.

எனக்கு என் பெயர் மட்டும்தான் எழுத வரும். எழுத்தின் அருமை தெரியாத திமிரில் இன்னொருவன் பெயரை அழிக்கப் பார்த்தேன். பொழப்பத்தவள் நான்தான். முனிராஜிடம் இதை இன்னும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.