பதினைந்து லிட்டர் டின்

அருள்மேரி அக்கா இறந்த செய்தியைக் கஸ்தூரிதான் போனில் சொன்னாள். "வளவனூர்ல மவன் வூட்ல இருந்தாங்க இல்ல, தூக்கத்துலயே பூட்டாங்களாம்" என்றவள் மேலே பேச முடியாமல் அழுதாள். அவள் ஏன் அப்படி அழுதாள் என்பது திண்டிவனத்தில் எங்கள் மகளிர் குழுவில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

அக்கா எங்கள் குழுவின் தலைவி. ஜாக்கெட் தைப்பவர். யார் வந்து என்ன கேட்டாலும் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்வார். "கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க. கேக்காம உள்ளயே நெனச்சிக்கினு இருக்கறதுதான் பேஜாரு" என்பார்.

பண்டிகை வந்தால் மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், டின் ஒன்று வாங்கி, பதினைந்து பேரும் ஆளுக்கு ஒரு கிலோ எடுத்துக்கொள்வோம். ஒரு தீபாவளிக்கு நான் மகளின் பிரசவத்துக்காக விழுப்புரம் போயிருந்தேன். அந்த முறைதான் கடை மாறியது. பதினைந்து கிலோ டின்னுக்குப் பதிலாகப் பதினைந்து லிட்டர் டின் வந்தது. யாரும் கவனிக்கவில்லை. என் பங்குக்கும் ஒரு தூக்கு வைத்து, வழக்கம்போலத் தராசில் நிறுத்து ஊற்றினார்கள். பதின்மூன்று பேருக்குப் பிறகு டின்னில் அரைக் கிலோ சொச்சம்தான் மிச்சம். அது பதினான்காவதாக நின்றவளுக்குப் போனது. கடைசியாக நின்ற அக்காவுக்கு ஒன்றுமில்லை.

"டின்னு ராத்திரி பூரா உங்க வூட்லதானக்கா இருந்திச்சி?" என்று கேட்டாள் கஸ்தூரி. அக்காவுக்கு நெருங்கிய தோழி அவள்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அக்கா உள்ளே போய்த் தன் அடுப்படி எண்ணெயைக் கொண்டுவந்து, குறைந்தவளின் தூக்கை நிரப்பி அனுப்பினார்.

நான் திரும்பி வருவதற்குள் அவரே விடை கண்டுபிடித்திருந்தார். எல்லோரையும் மளிகைக் கடைக்கு அழைத்துப் போனார். லிட்டர் படியில் தலைதட்ட எண்ணெய் ஊற்றி, படியின் எடையைக் கழித்து நிறுக்கச் சொன்னார். தொள்ளாயிரத்துப் பத்து கிராம் காட்டியது.

"லிட்டருங்கறது எண்ணெ புடிக்கற எடம், கிலோங்கறது கனம். தண்ணிக்குத்தான் ரெண்டும் ஒண்ணு. எண்ணெ லேசு" என்றார். பதினைந்து லிட்டருக்குப் பதின்மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. கஸ்தூரி அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் தலைவி பொறுப்பை விட்டார். எவ்வளவோ கெஞ்சினோம்.

பல வருடம் கழித்துக் கஸ்தூரி மகளுக்குக் கல்யாணம். சமையல்காரர் எண்ணெயைக் கிலோவில் எழுதித் தந்தார், கடையில் லிட்டரில் விற்றார்கள். கஸ்தூரி அக்காவிடம்தான் போனாள். "கிலோவுக்கு ஒண்ணே காலா, ஒண்ணே அரைக்காலான்னு குழப்பிக்காத. பத்து கிலோன்னா பதினோரு லிட்டரு வாங்கு" என்று அக்கா சொல்லிக் கொடுத்தார். கல்யாணத்தன்று சமையல்கட்டுக்கும் வந்தார்; நானும் அங்கேதான் இருந்தேன். டின்னைத் திறக்கும்போது மட்டும் கஸ்தூரியைக் கூப்பிட்டார்.

"நீங்களே ஊத்துங்கக்கா. நான் எதுக்கு?"

"இல்ல கஸ்தூரி, நில்லு. பக்கத்துல ஆளு இருந்தாத்தான் இப்பல்லாம் எனக்குக் கை ஓடுது."

கஸ்தூரி பட்டுப்புடவையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா ஒரு கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே, அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை டின்னைத் தொடாமல் காத்திருந்தார்.

எண்ணெய்க் கணக்கை அந்தத் தீபாவளியோடு கடையில் சரிசெய்துவிட்டோம். அக்காவின் கையை எங்களால் சரிசெய்ய முடியவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, "நில்லு" என்ற அந்தக் குரல்தான்.