அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது

எங்கள் எதிர்வீட்டு ஹம்சா மாமிக்கு எங்கே வலித்தாலும் அதைச் சொல்பவர் அவர் கணவர் சாய்நாத் மாமாதான். அடையாறில் பல் டாக்டர் "எந்தப் பல்லும்மா?" என்று கேட்டபோது வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தவர் மாமி. "கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது" என்றவர் மாமா. அவர் சொன்ன பல்தான் சரியான பல் என்பதுதான் இதில் கொடுமை. பாண்டி பஜாரில் புடவை எடுக்கப் போனால் "பச்சை அவளுக்குப் பிடிக்காது" என்பார். மாமியிடம் பச்சைப் புடவையே கிடையாது. பிடிக்குமா, பிடிக்காதா என்று மாமிக்கே இப்போது சந்தேகம்.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. மாமா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி பாட்டு டீச்சர். கம்ப்யூட்டரில் வகுப்பு எடுக்க ஆரம்பித்த பிறகு, ஜெர்மனியில் ஏதோ ஒரு சின்ன ஊரின் இசைப்பள்ளி மாமியைக் கண்டுபிடித்து, ஒரு வருடம் வந்து கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மாமி தானே பதில் போட்டார். போட்ட பிறகுதான் மாமாவிடம் சொன்னார். அன்றைக்கு மாமா சாம்பாரில் உப்பு இல்லை என்றார். இருந்ததாம்.

மாதம் முடிவதற்குள் அந்த நாட்டு வங்கியில் மாமி பெயரில் ஒரு கணக்கு வேண்டும் என்றது பள்ளி. சம்பளம், அறை வாடகை எல்லாம் அதன் வழியாகத்தான். இல்லாவிட்டால் மாமிக்குப் பதிலாகப் போக பெங்களூர்க்காரர் ஒருவர் பெட்டி கட்டத் தயாராக இருந்தார். அங்கே குடியிருக்காத ஆளுக்குச் சாதாரணக் கணக்கு கொடுக்க ஒவ்வொரு வங்கியாகக் கையை விரித்தது. கடைசியில் ஒன்று சம்மதித்தது. வீடியோவில் பாஸ்போர்ட்டைக் காட்டி, கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. மூன்று முறை தவறினால் விண்ணப்பம் ரத்து.

முதல் முறை வங்கிக்காரர் பிறந்த தேதி கேட்டார். மாமி வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து தேதி வந்தது, நட்சத்திரத்தோடு. வங்கிக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரையிலிருந்து மறைந்தார்.

இரண்டாவது முறை மாமா கூடத்தில் உட்கார்த்தி வைக்கப்பட்டார். யாராவது கட்டாயப்படுத்திக் கணக்கு ஆரம்பிக்கச் சொன்னார்களா என்று வங்கிக்காரர் கேட்டார். மோசடிக்குப் பயந்து எல்லோரிடமும் கேட்பதுதான். மாமி கொஞ்சம் யோசித்தார். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, "நோ, நோ! ஷி இஸ் டூயிங் வாலன்டரிலி!" என்று ஒரு ஆண் குரல் உறுதி கூறியது.

அன்று சாயங்காலம் மாமா என்னிடம் வந்து குறைபட்டார். "வாயே திறக்காம உக்காந்திருந்தா. யாராவது ஏதாவது சொல்லணுமோல்லியோ?"

"அதை மாமிதானே சொல்லணும்?"

"அவ சொல்லமாட்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க ஒருதடவையாவது சும்மா இருந்து பாத்திருக்கீங்களா மாமா?"

மாமா நிஜமாகவே யோசித்தார். "இருந்ததில்லை" என்றார்.

மூன்றாவது முறை மாமி அவரைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். மாமா படியோடு நின்றுவிட்டார். லிஃப்ட் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். கூரியர்க்காரரைச் சைகையாலேயே திருப்பி அனுப்பினார். அந்த நேரம் பார்த்து, எனக்கு வழக்கமாக மீன் கொண்டுவரும் ரோஸி கூடையோடு படியேறி வந்தார்.

"இன்னா சாரு, வெளிய நின்னுகினு கீற?"

மாமா உதட்டில் விரலை வைத்தார். "உள்ள மாமி பேங்க்காரன்கிட்ட பேசிண்டிருக்கா."

"நீ இல்லாமயா?" ரோஸிக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

மாமா மறுபடி உதட்டில் விரலை வைத்தார். நானும் ரோஸியும் வஞ்சிரத்துக்கு விரல்களாலேயே பேரம் பேசினோம். உள்ளே மாமியின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் மாமாவின் உதடு அசைந்தது. ஒரு இடத்தில் மாமியின் குரல் வர நேரமாயிற்று. மாமா கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் முறைத்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

ஒருவழியாகக் கதவு திறந்தது. மாமியின் முகம் முழுக்க வேர்வை.

"குடுத்துட்டான்" என்றார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. கையில் மீன் இருந்தது.

"என்ன கேட்டான்?" என்றார் மாமா.

"எல்லாம் தெரிஞ்சதுதான். கடைசில, கூட யாராவது இருக்காளான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"யாரும் இல்லைன்னேன்."

மாமா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கூடையைத் தூக்கிய ரோஸி அவரைப் பார்த்துவிட்டு மறுபடி கீழே வைத்தார். "இன்னா சாரு, மூஞ்சி ஒரு மாதிரியா கீது? நல்லாத்தான கீற?"

மாமா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"அவருக்கு ஒண்ணுமில்லை, நன்னாத்தான் இருக்கார்" என்றார் மாமி. "காபி குடிச்சா சரியாயிடும்."

மாமி சொன்னது தப்பு. மாமாவுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அவர் திருத்தவில்லை.