தோழன் இல்லாத கலியாணம்

காலை எட்டு மணி இருபது நிமிடம். கடைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்டது ஒரு டிவிடி உறை. அதில் மணமகனும் மணமகளும் மாலையோடு நின்றார்கள். நான் வடிவமைத்த உறைதான். அதைக் கையில் வைத்திருந்தவள் அந்த மணமகள். போர் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

சித்தாண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அண்ணே, தம்பிட முகம் ஒண்டு வேணும். முகம் மட்டும் தெரிஞ்சாக் காணும்."

வன்னிக்குப் போன தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. காணாமல் போனவர்களைப் பதிகிறார்கள், விண்ணப்பத்தில் படம் ஒட்ட வேண்டும். வீட்டில் படம் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கலியாண வீடியோ எடுக்க வருமுன் நான் ஒரு பத்திரிகைக்குப் படம் பிடித்தேன். படத்தில் நிற்பவர்களை இடமிருந்து வலமாகக் குறித்துப் பழகிய தொழில் அது. சமாதான காலத்தில் கலியாணங்கள் கூடின. கமெரா ஒன்றை வாங்கி, செங்கலடிச் சந்தியில் இந்தக் கடையைப் போட்டேன். தொழில் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கலியாண வீட்டில் யார் அழப்போகிறார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அவர்கள் அழத் தொடங்கும்போது கமெரா ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்.

சுனாமியின்போது செங்கலடிக்குத் தண்ணீர் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள். கரையோரத்தில் வீடும் அல்பமும் போனவர்கள், செத்தவர்களின் முகம் தேடி வந்தார்கள். செத்தவர்கள் எப்போதோ யாருடையவோ கலியாணத்துக்குப் போயிருப்பார்கள். பழைய கசெட்டுகளைக் கொம்பியூட்டரில் ஏற்றி ஓடவிட்டேன். பக்கத்தில் இருந்து பார்ப்பவர்கள் திடீரென்று திரையைத் தொடுவார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, முகத்தை மட்டும் பிரித்தெடுத்து, பெருப்பித்து, துலக்கிக் கொடுப்பேன். புத்தகம் பார்த்தும் பிழைவிட்டும் அந்த வேலையைப் பழகினேன். அப்படி மாலை போட்டு மாட்டிய படங்களில் பலர் குனிந்திருக்கிறார்கள். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

கிழக்கில் சண்டை ஓய்ந்து, இராணுவம் வீடு வீடாகச் சோதனை செய்த காலத்தில், இந்த மணமகளின் தாய் மருமகனோடு கடைக்கு வந்தாள். மேசையில் வீடியோ கொப்பியை வைத்தாள்.

"மனே, அவன்ட முகம் ஒரு இடத்திலயும் தெரியக் கூடா. கலியாணம் மட்டும் இரிக்கட்டும்."

அவள் சொன்னது தன் மகனை, மணமகளின் தம்பியை. எங்கள் ஊர்களில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அவர் போடும் மோதிரத்தை வாங்கி, தாலி கட்டி முடியும்வரை பக்கத்தில் நிற்பவன். ஆகவே வீடியோவில் அவன் இல்லாத இடம் குறைவு. இயக்கத்தில் போராளியாக இருந்தவன், அன்று லீவில் வந்திருந்தான். சமாதான காலம் என்பதால் யாரும் அதை மறைக்கவில்லை. மணவறையில் நின்றபடியே என்னைச் சீண்டினான்: "அண்ணே, என்னையே பிடிக்கிறீங்க. மாப்பிள்ளையையும் கொஞ்சம் எடுங்க, பாவம்."

தோழன் இல்லாமல் கலியாணத்தை எப்படிக் காட்டுவது என்று தாயிடம் கேட்டேன். மருமகன்தான் பதில் சொன்னார். "அவன் நிண்டா என்ன, நிக்காட்டி என்ன. மாட்டுப்பட்டது நான் தனியத்தானே." தாய் சிரிக்கவில்லை.

வேலை பல கிழமைகள் எடுத்தது. அவன் ஓரத்தில் நின்ற இடங்களில் காட்சியைப் பெருப்பித்து அவனை வெளியே தள்ளினேன். நடுவில் நின்ற இடங்களில், வேறொரு காட்சியிலிருந்த வாழைமரத்தைக் கொண்டுவந்து அவன்மேல் வைத்தேன். பேச்சு வந்த இடமெல்லாம் நாதஸ்வரம் போட்டு மூடினேன். கால் கழுவும் காட்சியை எடுக்க முடியாது, எடுத்தால் சொந்தக்காரர் கேட்பார்கள். அதனால் செம்பும், காலும், கழுவும் இரண்டு கைகளும் மட்டும் தெரியும்படி கிட்டக் கொண்டுவந்தேன். மூலக் கசெட்டையும் கொப்பியையும் தாய் வாங்கிக்கொண்டு போய் வீட்டு வளவுக்குள் எரித்தாள். பள்ளிக்கூடப் படத்தையும் அல்பத்தில் அவன் இருந்த படங்களையும் அதற்கு முன்பே எரித்திருந்தாள். என் கொம்பியூட்டரில் இருந்த மூலக் காட்சிகளை நான் அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

அதற்குப் பிறகும் கலியாணங்களுக்குப் போனேன். ஆனால் கமெராவுக்குள் பார்க்கும்போது யார் அழப்போகிறார்கள் என்று கண் தேடவில்லை. இந்த ஆளை வெட்ட வேண்டி வந்தால் எங்கே வெட்டலாம் என்று அளந்தது. மணமகனுக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கச் சொன்னேன். ஒரு பெண்ணின் தகப்பன் வீடியோவைப் பார்த்துவிட்டு, எல்லாரும் கோபத்தில் நிற்பதுபோல இருக்கிறது என்றார். சரியாகத்தான் சொன்னார்.

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனம் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். வெளிநாட்டு இணையக் கடைகளுக்குப் படங்களைத் திருத்திக் கொடுக்கும் வேலை அது. திறமையிருந்தால் பிறகு நிரல் எழுதவும் பழக்குவார்கள் என்றார்கள். நேர்முகத்துக்குக் காத்திருந்தவர்கள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பிள்ளைகள். என்னிடம் இருந்த சான்றிதழ் புகைப்படப் போட்டி ஒன்றில் கிடைத்தது. செய்த வேலை ஏதாவது காட்டச் சொன்னார்கள். திருத்திய இந்தக் கலியாணத்தைப் போட்டேன்.

கேள்வி கேட்டவர் சற்று நேரம் பார்த்தார். "இதில நீங்க என்ன செய்திருக்கிறீங்க?"

"ஒரு ஆளை எடுத்திருக்கிறன்."

"எந்த இடத்தில?"

"எல்லா இடத்திலயும்."

அவர் திரும்ப ஓடவிட்டார். கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு பார்த்தார். பிறகு பக்கத்து அறையிலிருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். வேலை கிடைத்தது.

கடையைக் காலி செய்துகொண்டிருந்த கிழமையில்தான் அந்த மணமகள் டிவிடியோடு வந்தாள். கொம்பியூட்டரை மட்டும் இன்னும் கழற்றவில்லை. பழைய டிவிடித் தட்டுகள் எல்லாவற்றிலும் தேடினோம். அதே ஊரில் நடந்த வேறு கலியாணங்களையும் ஓடவிட்டோம். பந்திகளில் அவன் இல்லை. கலியாண வீடுகளுக்குப் போகும் வயதில் அவன் இயக்கத்தில் இருந்தான், ஊரில் இருக்கவில்லை. கடைசியாக அவளுடைய கலியாணத்தையே பார்த்தோம். நான் வைத்த வாழைமரங்களை ஒவ்வொன்றாகக் கடந்து போனோம். அவற்றில் எது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கால் கழுவும் காட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். திரையில் இரண்டு கைகள், செம்பு, தண்ணீர்.

"இது தம்பிட கை."

ஓம் என்றேன்.

"இதில இரிந்து கொஞ்சம் மேல ஏத்துங்க அண்ணே. மேல முகம் இரிக்கும்தானே."

திரையில் இருப்பதுதான் இருக்கும், அதற்கு மேலே ஒன்றும் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். வெட்டிய துண்டு எங்கேயும் இல்லை என்பதை இரண்டு விதமாகச் சொன்னேன்.

"சுனாமி நேரம் கடலுக்குப் போனவங்கட முகமெல்லாம் எடுத்துக் குடுத்தீங்களே."

அவை எரிக்கப்படாத கசெட்டுகள். அதை நான் சொல்லுமுன்பே அவளுக்கு விளங்கிவிட்டது. டிவிடியை உறைக்குள் போட்டுக்கொண்டு, முகம் இல்லை என்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம், எரித்தவள் அவள், தெரிந்தால் தாங்கமாட்டாள் என்றாள். நான் கடையில் இல்லாததால் இன்னும் பார்க்கவில்லை என்று வீட்டில் சொல்லப்போவதாகவும் சொன்னாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். முதல் நாள் தந்தவை பெண்களின் செருப்புப் படங்கள். பின்னணியை எடுத்துவிட்டு வெள்ளையாக்கிக் கொடுக்க வேண்டும். மாலையாகும்போது எனக்குத் தந்தவை எல்லாம் முடிந்திருந்தன.

சில கிழமைகளுக்குப் பிறகு அவளுடைய கணவரைச் சந்தியில் கண்டேன். விண்ணப்பம் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். கொடுத்துவிட்டோம், படம் ஒட்டாமலே எடுத்துக்கொண்டார்கள் என்றார்.