எங்கள் வீட்டில் எதுவும் பிடிக்காது

கடன் அடைந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் நான் பேஸ்ட் ட்யூபைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதை வழித்துத்தான் பல் விளக்குகிறேன். வீட்டுக்காரர் கேலி செய்கிறார். "ஏம்மா, கடன்தான் முடிஞ்சிபோச்சே, அந்த ட்யூப இன்னும் வுட மாட்டியா?" செய்யட்டும். ட்யூபை வெட்டியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் வேறொன்றில்.

கடன் வந்த கதை சின்னது. குடிகாட்டுப் பக்கம் இருக்கும் கெமிக்கல் கம்பெனிகளுக்கு டிரம் ஏற்றிப்போகலாம் என்று அவர் கடன் வாங்கி ஒரு லோடு வண்டி எடுத்தார். ஒரு வருஷம் நன்றாக ஓடியது. அப்புறம் ஆர்டர் கொடுத்தவர்கள் வேறு வண்டியைப் பார்த்துக்கொண்டார்கள். வண்டியை வந்த விலைக்குத் தள்ளினோம், கடன் மட்டும் தங்கிவிட்டது. அவர் அடுத்தவர் வண்டிக்கு டிரைவராகப் போனார். தாலிச்செயினை அடகு வைத்துவிட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறோடு நான் சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு பில் போடப் போனேன். எங்கள் ஒரே மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு.

மிச்சம் பிடிப்பது என்பது ஆரம்பத்தில் கஷ்டம், போகப் போக ஒரு வெறி. பஸ்ஸை விட்டுவிட்டு கடலூர் முதுநகர் ஸ்டேஷனுக்கு நடந்து போய், சீசன் டிக்கெட்டில் பாசஞ்சர் ரயில் ஏறினேன். கடையில் எல்லோரும் டீக்குப் போகும்போது எனக்கு மட்டும் சரியாக அந்த நேரத்தில்தான் கணக்கு உதைக்கும். வீட்டில் பருப்பை முன்கூட்டியே ஊறப்போட்டு, சோறு முக்கால் பதம் வெந்ததும் அடுப்பை அணைத்து மூடிவைப்பேன். ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தை கலைகிற நேரமாகப் பார்த்துப் போனால் தக்காளி பாதி விலைக்கு வரும். அழுகலைப் பொறுக்கி எறிவதற்கு எனக்கு இணை கிடையாது. கரைந்துபோன சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைப்பேன். அவர் பாக்கு போடுவதை விட்டார். விட்டதாகச் சொன்னார், நானும் நம்பியதாகச் சொன்னேன்.

இதெல்லாம் ஊரில் பாதிக் குடும்பங்கள் செய்கிறதுதான். நாங்கள் கூடுதலாக ஒன்று செய்தோம். அதைக் கண்டுபிடித்தது நான்.

என் நாத்தனார் வீட்டில் ஒரு கல்யாணம், திருவந்திபுரம் கோயிலில். தாலி கட்டி முடிந்து வெளியே வந்தால் கடை கடையாக வளையல் தொங்குகிறது. பிள்ளைகள் எல்லாம் மொய்த்துக்கொண்டார்கள். என் மகள் மட்டும் தள்ளி நின்றாள். நாத்தனார் கூப்பிட்டு, "நீயும் எடுத்துக்கயேன்" என்றதும், "எங்கம்மாகிட்ட காசு இல்ல அத்த" என்று கணீரென்று சொல்லிவிட்டாள்.

"ஐயோ பாவம். ஏன் அண்ணி, ஒரு வளையலுக்குக்கூடவா வழியில்ல?" என்று நாத்தனார் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, தன் காசில் ஒரு டஜன் வாங்கிப் போட்டுவிட்டாள். அவள் நல்ல மனசோடுதான் செய்தாள் என்பது இப்போது புரிகிறது. அப்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் மகளை ஜன்னலோரம் உட்காரவைத்துச் சொன்னேன். "இத பாரு. இனிமே யார் என்னா கேட்டாலும் காசு இல்லன்னு வாயத் தொறக்கக் கூடாது. எனக்குப் புடிக்காதுன்னு சொல்லிடு. அத்தோட விட்டுடுவாங்க."

"நெசமா புடிச்சிருந்தா?"

"அப்பவும் புடிக்காதுன்னுதான் சொல்லணும்."

அவள் தலையை ஆட்டினாள். கையிலிருந்த வளையல்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாளிலிருந்து அவற்றைப் போடவில்லை. கேட்டதற்கு, "புடிக்கலம்மா" என்றாள். இவ்வளவு சீக்கிரம் பாடம் ஏறிவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு எங்களுக்கு எதுவுமே பிடிக்காமல் போனது. பீச்சுக்குப் போனால் ஐஸ்கிரீம் பிடிக்காது, பல் கூசும். பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்குப் போகப் பிடிக்காது, கூட்டம் ஜாஸ்தி. பள்ளிக்கூடத்திலிருந்து படகு சவாரிக்குப் பிச்சாவரம் கூட்டிப்போனார்கள். அவள் போகவில்லை. பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் என்னிடம், "உங்க பொண்ணுக்குப் படகுன்னா புடிக்காதாமே? தல சுத்துமாமே?" என்று அக்கறையாக விசாரித்தார். இவள் ஜென்மத்தில் படகு ஏறியதில்லை. நான் முகத்தை மாற்றாமல், "ஆமாம் டீச்சர், சின்னதுலேர்ந்தே அப்படித்தான்" என்றேன். அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன், நம்ம பொண்ணு ரொம்பக் கெட்டி என்று. அவர் சிரிக்கவில்லை. "கொழந்தைக்கு இதெல்லாம் தேவையா?" என்று மட்டும் கேட்டார். வண்டி வாங்கியது யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். சண்டையில் ஜெயிப்பது எனக்குச் சுலபம்.

பெரிய வகுப்புகளுக்குப் போனபோது அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. பள்ளிக்கூடத்தில் யாருக்கு அடிபட்டாலும் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள் அவள்தான். எந்தப் பெண்ணுக்கு முட்டி கிழிந்தது, எப்படிக் கட்டுப் போட்டாள் என்று சோறு தின்னும்போதெல்லாம் கதைதான். நர்சுக்குப் படிக்கப்போகிறேன் என்று தெருவுக்கே சொல்லிவைத்திருந்தாள். அது ஒன்றைத்தான் அவள் பிடிக்காது என்று சொல்லாமல் இருந்தாள்.

பன்னிரண்டாம் வகுப்பு மார்க் வந்ததும் சிதம்பரம் பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரிக்கு விசாரிக்கப் போனோம். ஆபீசில் இருந்தவர் பீஸ் விவரத்தை நிதானமாகப் படித்தார். கல்லூரிக்கு இவ்வளவு, ஹாஸ்டலுக்கு இவ்வளவு, யூனிபார்மும் புத்தகமும் தனி. அப்போது எங்கள் கடனில் கடைசிப் பகுதிதான் பாக்கி. இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்தால் கரை ஏறிவிடலாம். இந்தப் பீஸைக் கட்டினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் முகத்தில் அது தெரிந்திருக்கும். எனக்கு வாயை அடக்கத் தெரியும், முகத்தை அடக்கத் தெரியாது.

திரும்பி வரும்போது பஸ் பரங்கிப்பேட்டை பிரிவைத் தாண்டியதும் அவள் சொன்னாள். "ம்மா, யோசிச்சிப் பாத்தேன். எனக்கு ரத்தம்னா புடிக்காது. கடலூர்லயே பி.காம் சேந்துக்குறேன். கவர்மென்ட் காலேஜ்தான், பீஸும் கம்மி."

அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி. வேறெதுவும் இல்லை. முட்டி கிழிந்த கதைகள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "சரி, புடிக்காதத எதுக்குப் படிக்கணும்" என்றேன். ஊரை ஏமாற்ற நான் சொல்லிக்கொடுத்த பொய்யை என்னிடமே சொன்னாள், நானும் டீச்சர் மாதிரியே நம்பிவிட்டேன். நம்புவது அவ்வளவு வசதியாக இருந்தது.

அடுத்த வருஷமே கடன் முடிந்தது. செயின் கழுத்துக்குத் திரும்பி வந்தது. கோயிலுக்குப் போனோம், ஹோட்டலில் சாப்பிட்டோம். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "நீங்க சாப்புடறதே போதும்மா, எனக்குத் தனியா ஒன்னும் வேணாம்" என்றாள்.

போன மாதம் அவர் சரக்கு இறக்கும்போது டிரம் விளிம்பு கிழித்து, உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். துணியைப் பிரித்ததும் ரத்தம் தரையெல்லாம் சொட்டியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மகள் அவரை உட்காரவைத்து, கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, சுத்தமான துணியை மடித்து அழுத்திக் கட்டினாள். "பயப்படாதப்பா, நரம்புல படல. ஆனா தையல் போடணும், ஆட்டோ கூப்புடறேன்" என்றாள். முட்டி கிழிந்த கதை சொன்ன அந்த முகத்தை, அவள் காலேஜில் சேர்ந்த பிறகு நான் பார்த்ததே இல்லை.

தையல் போட்டு வந்து அவர் படுத்த பிறகு கேட்டேன். "ஏன்டி, ஒனக்கு ரத்தம் புடிக்காதுன்னியே?"

அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அன்னிக்கு நர்சிங் காலேஜ் ஆபீசுல பீஸு படிச்சாரே, நீயும் கேட்டுட்டுத்தானம்மா இருந்த" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டேன். செயினைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். "இப்பவும் வயசு இருக்குது. இத மறுபடி வச்சாவது கட்டறேன். சேந்துக்கிறியா?"

அவள் செயினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்து என் கழுத்தில் மாட்டி, கொக்கியைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"இப்ப புடிக்கலம்மா" என்றாள்.

அது நிஜமா என்று கேட்க வாயெடுத்தேன். நிஜம் என்றுதான் சொல்வாள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.